அசிட்டைல் திறக்கும், மெத்தில் மூடும்: ஹிஸ்டோன் கதை இவ்வளவுதானா?

ஜூன் 3 – கேள்வி

டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டினால் டி.என்.ஏ. திறந்துகொள்ளும், மரபணு வேலை செய்யும். மெத்தில் என்ற இன்னொரு குழு ஒட்டினால் மூடிக்கொள்ளும், மரபணு அடங்கிவிடும். பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துவிடும் இந்த விஷயத்துக்கு ஏன் இத்தனை ஆய்வுக்கட்டுரைகள்? எந்த இடத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டால் செல் என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடாதா?

ஜூன் 3, இரவு

அசிட்டைல் பற்றிச் சொன்னது ஏறக்குறைய சரி. மெத்தில் பற்றிச் சொன்னது தவறு. கடைசிக் கேள்விக்குப் பதில்: தெரியாது.

எந்த ஹிஸ்டோனின் எத்தனையாவது லைசின் (புரதச் சங்கிலியில் எத்தனையாவது இடத்தில் நிற்கும் லைசின் அமினோ அமிலம்) என்று சொல்லாமல் 'மெத்தில் மூடும்' என்பதற்குப் பொருளே இல்லை. எச்3 ஹிஸ்டோனின் 4ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதி. 36ஆவது லைசினில் மூன்று இருந்தால் ஓடும் மரபணுவின் உட்பகுதி. 9ஆவதிலோ 27ஆவதிலோ மூன்று இருந்தால்தான் பொதுவாக அடங்கிய பகுதி. அதே புரதம், வால்போல் நீளும் அதே முனை, அதே மூன்று மெத்தில். இடம் மாறியதும் சூழல் நேர் எதிராகிவிடுகிறது.

இன்னொன்று. அசிட்டைல் ஒட்டினால் லைசினின் நேர்மின் சுமை மறைந்துவிடும். மெத்தில் எத்தனை ஒட்டினாலும் சுமை அப்படியே இருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே பொறியின் இரு நிலைகளாகச் சொல்லிக்கொடுப்பது வேதியியல்படியும் பொருந்தாது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

முதலில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒரு மனித செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது இருக்கும் உட்கருவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். டி.என்.ஏ. முழுவதும் எதிர்மின் சுமை. ஹிஸ்டோன்களில் லைசினும் ஆர்ஜினினும் நிறைந்திருப்பதால் அவை நேர்மின் சுமை கொண்டவை. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதக் கட்டு ஒன்றாகின்றன. அதைச் சுற்றி 147 கார இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ. இடப்பக்கமாக ஏறக்குறைய 1.65 சுற்று சுற்றியிருக்கும். இதுதான் நியூக்ளியோசோம். அடுத்த நியூக்ளியோசோம் வரை கொஞ்சம் வெறும் டி.என்.ஏ., பல இடங்களில் அதன்மேல் எச்1 என்ற ஐந்தாவது ஹிஸ்டோன்.

இந்த அலகை ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் முன்மொழிந்தார். அணுவணுவாக அதன் வடிவம் தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் குழுவினரின் படிக ஆய்வு அது. டி.என்.ஏ. ஹிஸ்டோனைத் தொடும் இடங்கள் 14 என்று அதில் எண்ணலாம். ஒவ்வொரு தொடுகையும் தனித்தனியே பலவீனமானது, எல்லாம் சேர்ந்தால் வலிமையானது. இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் வேலைக்கு ஆகும்.

அந்தப் படத்தில் சரியாகத் தெரியாத பகுதியும் முக்கியம். ஹிஸ்டோன்களின் முனைகள், அதாவது வால்கள், நிலையான வடிவமில்லாமல் டி.என்.ஏ. சுற்றுகளுக்கு இடையே வெளியே நீண்டு கிடக்கின்றன. நாம் பேசும் குறிகளில் பெரும்பாலானவை அந்த வால்களில்தான் ஏறுகின்றன.

ஜூன் 4, சற்றுப் பிறகு

சொல்ல விட்டது. பட்டாணிச் செடியின் எச்4 ஹிஸ்டோனையும் கன்றுக்குட்டியின் எச்4 ஹிஸ்டோனையும் 1969இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 102 அமினோ அமிலங்களில் இரண்டே வேறுபாடு. செடியும் விலங்கும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகியும் இரண்டே இரண்டு! இதை முதன்முதலில் படித்த அன்றுதான் ஹிஸ்டோன் வெறும் கட்டுச் சாமான் இல்லை என்று எனக்கு உறைத்தது. சுமையைச் சமன்செய்வது மட்டுமே வேலையென்றால் லைசின் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் இருந்தால் போதும், வரிசை இஷ்டம்போல் மாறியிருக்கலாம். மாறவில்லை.

ஜூன் 6

"நூற்கண்டில் சுற்றிய நூல்போல என்று எங்களுக்குச் சொன்னார்கள், அது சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வடிவத்துக்குச் சரி. நடத்தைக்குப் பொருந்தாது. நூற்கண்டு சும்மா இருக்கும். நியூக்ளியோசோம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. ஜோனதன் விடம் குழு 2005இல் அளந்தது: தனித்த நியூக்ளியோசோமில் டி.என்.ஏ. முழுதாகச் சுற்றியபடி இருப்பது சுமார் 250 மில்லிவினாடிதான். பிறகு முனை தானாகப் பிரிகிறது, 10 முதல் 50 மில்லிவினாடி பிரிந்திருந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நொதி எதுவும் இல்லை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. இல்லை. வெப்ப அசைவு மட்டுமே. ஒரே நொடிக்குள் இது சில முறை நடந்துவிடும்.

14 பலவீனத் தொடுகைகள் என்று சொன்னேன் அல்லவா? முனையில் இருப்பவை முதலில் விடும், நடுவில் இருப்பவை கடைசியாக விடும். ஆகவே ஒரு புரதம் தேடும் டி.என்.ஏ. வரிசை நியூக்ளியோசோமின் ஓரத்தில் இருந்தால் அதற்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைக்கும். மையத்தில் இருந்தால் மிக அரிது.

என் கருத்தை இங்கேயே வைத்துவிடுகிறேன். இந்த உரையாடல் எங்கே சுற்றினாலும் இதற்குத்தான் திரும்பி வருவேன். 'திறந்தது, மூடியது' என்று இரண்டு நிலைகள் இல்லை. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, அந்த நேரத்துக்குள் யார் வந்து பிடித்துக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி. வேதிக் குறிகள் அந்த நேரத்தையும் வருகிறவரையும் மாற்றுகின்றன. குறி தானாக ஒரு மரபணுவை இயக்குவதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை.

ஜூன் 7

"அப்படியானால் நியூக்ளியோசோம் தடையே இல்லையா?" தடைதான். உறுதியான சான்று இருக்கிறது. கோர்ன்பெர்க் குழு 1987இல் சோதனைக் குழாயில் காட்டியது: மரபணுவின் தொடக்கப் பகுதியை நியூக்ளியோசோமில் சுற்றிவிட்டால் படியெடுப்பு, அதாவது அதிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவது, தொடங்காது. அடுத்த ஆண்டு மைக்கேல் கிரன்ஸ்டீனும் மின் ஹானும் உயிருள்ள ஈஸ்டில் எச்4 உற்பத்தியை நிறுத்தினார்கள். நியூக்ளியோசோம் குறைந்தது, வழக்கமாக அடங்கிக் கிடக்கும் சில மரபணுக்கள் தூண்டுதல் எதுவும் இல்லாமலே வேலை செய்யத் தொடங்கின. இரண்டும் சேர்ந்துதான் 'ஹிஸ்டோன் வெறும் பொதி' என்ற எண்ணத்தை அசைத்தன.

ஜூன் 9

சொந்த அனுபவம் ஒன்று.

குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த தொகுப்பு) வேலைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பழைய சோதனை ஒன்று. உட்கருக்களைப் பிரித்தெடுத்து, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைக் குறைந்த அளவில் விட்டு, கிடைப்பதை ஜெல்லில் ஓட்டுவது. புற ஊதா விளக்கின்கீழ் ஏணிப்படிகள் போல் பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒரு நியூக்ளியோசோம் நீளம், அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று. நொதி இடையிலுள்ள வெறும் டி.என்.ஏ.வைத்தான் வெட்டியிருக்கிறது, சுற்றியதை விட்டுவிட்டது. புத்தகத்தில் இருந்த சொல் கண்ணெதிரே பட்டையாக நிற்கும்போது அந்த மாணவர்களின் முகம் மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அதன் பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: எல்லா மரபணுவும் ஒரே வேகத்தில் வெட்டுப்படுமா? படாது. ஹரால்ட் வெயின்ட்ராபும் மார்க் குரூடினும் 1976இல் கோழிக்குஞ்சின் ரத்தச் சிவப்பணு உட்கருக்களை டி.என்.ஏஸ் நொதியால் வெட்டினார்கள். அந்தச் செல்லுக்குத் தேவையான குளோபின் மரபணு சீக்கிரம் சிதைந்தது. முட்டைக்குழாயில் மட்டும் வேலை செய்யும் ஓவால்புமின் மரபணு அதே உட்கருவில் தாக்குப்பிடித்தது. ஒரே டி.என்.ஏ., வெவ்வேறு அணுக்கம், அதாவது நொதிக்கு எட்டும் அளவு. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் அட்டாக்-சீக் முறை 2013இல் வந்தது. அடிப்படையில் அதே கேள்விதான். வெட்டுவதற்கு வேறு நொதி, படிப்பதற்கு வரிசையறியும் கருவி.

ஜூன் 10

இன்று அசிட்டைல்.

வின்சென்ட் ஆல்ஃப்ரி குழு 1964இலேயே சொல்லிவிட்டது. அசிட்டைல் ஏற்றிய ஹிஸ்டோன் ஆர்.என்.ஏ. உருவாக்கத்தை முன்போல் தடுப்பதில்லை என்றும், இந்தக் குறிகள் ஏறி இறங்கக்கூடியவை என்பதால் மரபணுக் கட்டுப்பாட்டில் பங்கு இருக்கலாம் என்றும். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் அது வெறும் உடன்நிகழ்வாகவே நின்றது. ஏற்றும் நொதி எது என்று தெரியாமல் அதை நீக்கிப் பார்க்க முடியாது, நீக்கிப் பார்க்காமல் காரணம் என்று சொல்ல முடியாது.

1996இல் இரண்டும் கிடைத்தன. டேவிட் அல்லிஸ் ஆய்வகம் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியிலிருந்து அசிட்டைல் ஏற்றும் நொதியைப் பிரித்தது. வரிசையைப் பார்த்தால் அது ஈஸ்டில் ஏற்கெனவே தெரிந்த ஜிசிஎன்5 என்ற புரதத்தின் உறவு. ஜிசிஎன்5 மரபணுக்களைத் தூண்டத் துணைபோகும் புரதம் என்பது தெரிந்திருந்தது, எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதே ஆண்டு ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு அசிட்டைலை அகற்றும் நொதியைப் பிடித்தது. அது ஈஸ்டின் ஆர்பிடி3 என்ற படியெடுப்புக் கட்டுப்பாட்டுப் புரதத்தின் உறவு. ஏற்றும் கையும் இறக்கும் கையும் மரபணுக் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே பெயர் எடுத்தவை என்று ஒரே ஆண்டில் தெரிந்தது. இந்தத் துறையில் இதைவிட அழகான ஆண்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "சுமை போனால் பிடி தளரும், அவ்வளவுதானே?" என்று ஒருவர் கேட்கிறார். ஓரளவுதான். இதைப் பற்றி நான் ஒருமுறைக்கு மேல் யோசித்துக் கருத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஒரு பக்கம், எச்4இன் 16ஆவது லைசின். அதில் மட்டும் அசிட்டைல் ஏற்றிய நியூக்ளியோசோம் சரத்தை 2006இல் செயற்கையாகக் கட்டிப் பார்த்தார்கள். சரம் இறுக்கமாக மடியவே இல்லை. அந்த ஒரு லைசின் இருக்கும் வால்பகுதி பக்கத்து நியூக்ளியோசோமின் மேற்பரப்பைத் தொட வேண்டியது, அசிட்டைல் அந்தத் தொடுகையைக் கெடுத்துவிடுகிறது. ஆண் பழ ஈயில் ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் உண்டு. பெண்ணின் இரண்டுக்கு ஈடாக அது இரு மடங்கு வேலை செய்ய வேண்டும். அந்த எக்ஸ் முழுவதும் இதே 16ஆவது லைசின் அசிட்டைலால் நிறைந்திருக்கிறது.

மறுபக்கம், அதே எச்4 வாலின் 5, 8, 12ஆவது லைசின்கள். 2005இல் ஈஸ்டில் இவற்றை ஒவ்வொன்றாகவும் கூட்டாகவும் மாற்றிப் பார்த்தபோது, எது என்பதைவிட எத்தனை என்பதே விளைவைத் தீர்மானித்தது. 16 மட்டும் தனி வழியில் போனது. ஆக ஒரே வாலில் சுமைக் கணக்கும் இருக்கிறது, இடக் கணக்கும் இருக்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு. அசிட்டைல் லைசினைப் பிடித்துக்கொள்ளும் புரோமோடொமைன் என்ற மடிப்பு பல புரதங்களில் இருக்கிறது. இந்தப் பிடிப்பு 1999இல் தெரிந்தது. குறி இருக்கும் இடத்துக்கு அந்தப் புரதங்கள் வந்து தங்குகின்றன. அப்போது குறியின் வேலை பிடியைத் தளர்த்துவது அல்ல, ஆளை அழைப்பது.

ஜூன் 11, இரவு

அவசரமாக ஒன்று. மேலே உள்ளதை வைத்து "அசிட்டைல் ஏறினால் நியூக்ளியோசோம் அவிழ்ந்துவிடும்" என்று எழுதிவிடாதீர்கள். அவிழாது. வால் குறிகளால் ஒரு தனி நியூக்ளியோசோமின் உறுதி மாறுவது கொஞ்சம்தான். நியூக்ளியோசோமை நகர்த்தவும் பிரித்தெறியவும் ஏ.டி.பி.யைச் செலவழிக்கும் பெரிய புரதக் கூட்டங்கள் வேண்டும். ஸ்விஸ்னிஃப் அவற்றில் முதலில் அறியப்பட்டது. அதன் புரதங்களில் புரோமோடொமைன் இருக்கிறது. அசிட்டைல் இருக்கும் இடத்தில் அது பிடித்துத் தங்கி வேலை செய்கிறது. குறிக்கும் அணுக்கத்துக்கும் நடுவில் இந்த இயந்திரம் நிற்கிறது. பாடப்புத்தகப் பத்தியில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

ஜூன் 14

மெத்திலுக்கு வருகிறேன்.

ஹெர்மன் முல்லர் 1930இல் எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களில் சிவப்பும் வெள்ளையும் கலந்த புள்ளிக் கண்களைப் பார்த்தார். கண்ணுக்குச் சிவப்பு தரும் மரபணு கெடவில்லை. குரோமோசோம் உடைந்து திரும்ப ஒட்டியதில் அந்த மரபணு இறுகிய குரோமாட்டினின் பக்கத்தில் போய் விழுந்திருந்தது, அவ்வளவுதான். சில செல்களில் இறுக்கம் அதன்மேல் பரவியது, சிலவற்றில் பரவவில்லை. ஒரே கண்ணில், ஒரே டி.என்.ஏ.வில்.

இந்தப் பரவலைத் தடுக்கும் மரபணு மாற்றங்களைப் பின்னால் தேடித் தொகுத்தார்கள். அதில் ஒன்றின் மனித உறவு நொதியைத்தான் 2000இல் தாமஸ் யெனுவைன் குழு எச்3இன் 9ஆவது லைசினில் மெத்தில் ஏற்றும் நொதி என்று காட்டியது. லைசினுக்கு மெத்தில் ஏற்றும் ஹிஸ்டோன் நொதிகளில் முதலில் கண்டறியப்பட்டது அது. மறு ஆண்டு, அந்த மெத்திலைப் பிடிப்பது எச்பி1 என்ற புரதம் என்று தெரிந்தது. எச்பி1ஐ உருவாக்கும் மரபணுவும் அதே ஈப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. எழுபது ஆண்டுப் புதிர் ஒன்று இரண்டு ஆண்டுகளில் மூலக்கூறுகளாகப் பிரிந்து வந்துவிட்டது.

பரவும் வழியும் புரிந்தது. குறியை எழுதும் நொதியே எழுதிய குறியைப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. பிடித்த இடத்திலிருந்து பக்கத்து நியூக்ளியோசோமில் எழுதுகிறது. அங்கிருந்து அடுத்ததில்.

மெத்தில் ஒருமுறை ஏறினால் இறங்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2004இல் யாங் ஷி குழு எல்எஸ்டி1 என்ற நொதி அதை அகற்றுவதைக் காட்டியது. ஆனால் அதற்கு ஒன்றும் இரண்டும்தான் முடியும், மூன்று மெத்தில் இருந்தால் முடியாது. மூன்றையும் அகற்றும் வேறு குடும்பம் 2006இல் கிடைத்தது.

ஜூன் 15

36ஆவது லைசினை இன்று தனியே எடுக்கிறேன். 'மெத்தில் என்றால் மூடல்', 'ஓடும் மரபணு என்றால் திறப்பு' என்ற இரண்டு வாக்கியங்களையும் ஒருசேர உடைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஈஸ்டில் செட்2 என்ற நொதி, படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் மேலேயே தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. பாலிமரேஸ் கடந்துபோன நியூக்ளியோசோம்களில் 36ஆவது லைசினில் மெத்தில் எழுதிக்கொண்டே போகிறது. அந்த மெத்திலின் துணையோடு அங்கே செயல்படுவது எது தெரியுமா? அசிட்டைலை அகற்றும் ஆர்பிடி3 கூட்டம். பாலிமரேஸ் போன பாதையில் நியூக்ளியோசோம்கள் குலைந்து, அசிட்டைல் ஏறியிருக்கும். அப்படியே விட்டால் மரபணுவின் நடுவில் வேறொரு பாலிமரேஸ் உட்கார்ந்து அரைகுறையாகப் படியெடுக்கத் தொடங்கிவிடும். செட்2ஐ நீக்கிய ஈஸ்டில் அதுவே நடக்கிறது. 2005இல் இதைத் தனித்தனிக் குழுக்கள் காட்டின.

ஆக, நன்றாக ஓடும் மரபணுவின் உள்ளே, ஓடுவதன் விளைவாகவே ஒரு மெத்தில் ஏறி, அதன்வழியே அசிட்டைல் அகன்று, நியூக்ளியோசோம்கள் மறுபடி ஒழுங்காகின்றன. மரபணு ஓட அதன் தொடக்கம் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் உட்பகுதி அப்படி இருக்கக் கூடாது. இதைச் சொன்னதும் பலர் நம்ப மறுப்பார்கள். கட்டுரையைத் திறந்து படங்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஜூன் 18

குறிகளின் பட்டியல் போட்டால் போதாதா என்ற முதல் கேள்வி. மேலே உள்ள 36ஆவது லைசின்தான் பதிலின் பாதி: அந்தக் குறி படியெடுப்பின் விளைவு. குறியைப் பார்த்து மரபணு ஓடுகிறது என்று சரியாக ஊகிக்கலாம். குறியால் ஓடுகிறது என்று சொன்னால் தலைகீழ்.

மீதிப் பாதிக்குக் கடினமான சோதனை ஒன்று தேவை. நொதியை நீக்கிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் நொதி மற்றப் புரதங்களையும் மாற்றுகிறது, தானே ஒரு கட்டமைப்பாகவும் நிற்கிறது. ஹிஸ்டோனின் அந்த லைசினையே மாற்ற வேண்டும். பழ ஈயில் இது முடியும். அதன் முக்கிய ஹிஸ்டோன் மரபணுக்கள் சுமார் நூறு பிரதிகளாக ஒரே இடத்தில் அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கை மொத்தமாக நீக்கிவிட்டு, மாற்றிய ஹிஸ்டோனை வைக்கலாம். மனிதனில் அவை சிதறிக் கிடப்பதால் இப்படிச் செய்வது மிகக் கடினம்.

2013இல் எச்3இன் 27ஆவது லைசினை ஆர்ஜினினாக மாற்றினார்கள். மெத்தில் ஏற முடியாது. அடங்கியிருக்க வேண்டிய வளர்ச்சி மரபணுக்கள் தவறான இடங்களில் விழித்துக்கொண்டன, மெத்தில் ஏற்றும் பாலிகோம்ப் நொதியை நீக்கினால் ஆவது போலவே. ஆகவே 27ஆவது லைசின் அடக்குவதில் உண்மையான பங்காளி.

அதற்கு முந்தைய ஆண்டு 4ஆவது லைசினை அப்படியே மாற்றினார்கள். ஓடும் மரபணுக்களின் அடையாளம் என்று நாம் எல்லோரும் வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசும் அதே குறி. அது இல்லாத செல்களிலும் வளர்ச்சிச் சமிக்ஞைக்கு மரபணுக்கள் பதில் தந்தன. 2017இல் எலியின் கருநிலைத் தண்டுச் செல்களிலும் இதே திசையில் சான்று வந்தது. மரபணுக்களைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டுகளான தூண்டிப் பகுதிகளில் 4ஆவது லைசினுக்கு மெத்தில் ஏற்றும் இரண்டு பெரிய நொதிகளின் வினைத்திறனை மட்டும் முடக்கினால் படியெடுப்பு பெரிதாகக் குறையவில்லை. அந்தப் புரதங்களையே எடுத்துவிட்டால் குறைந்தது.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குறி வேலை செய்கிறது, இன்னொரு குறி பெரும்பாலும் வேலை நடந்ததைக் காட்டுகிறது. இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரிக் கோபுரங்களாகத்தான் தெரியும். வெறும் பட்டியலால் பிரித்தறிய முடியாது.

ஜூன் 19

பட்டியலின் நம்பகத்தன்மை பற்றியும் சொல்ல வேண்டும். குறிகளைப் பிடிக்க நாம் நம்பியிருப்பது எதிர்ப்பொருள்களை, அதாவது ஒரு குறியை மட்டும் பிடிக்க வேண்டிய புரதங்களை. 9ஆவது லைசினைச் சுற்றியுள்ள வரிசையும் 27ஆவதைச் சுற்றியுள்ள வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதையும் பிடிக்கும். 2011இல் வெளியான ஆய்வொன்றில் இருநூறுக்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்களைச் சோதித்ததில் நான்கில் ஒன்றுக்கு மேல் குறிதவறின.

நாங்கள் வாங்கிய ஒன்று முதல் தொகுதியில் துல்லியமாக வேலை செய்து, அடுத்த தொகுதியில் வேறொரு குறியையும் சேர்த்துப் பிடித்தது. தனித்தனிக் குறி கொண்ட பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) புள்ளிகளாக வைத்துச் சோதித்த பிறகே விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் குப்பியும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் எங்கள் குளிர்பெட்டிக்குள் போவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

"இறுகிய இடத்தில் முதலில் நுழைவது யார்? திறக்கிறவர் வர, திறந்திருக்க வேண்டுமே?" நல்ல கேள்வி. நியூக்ளியோசோமில் சுற்றியிருக்கும்போதே தன் வரிசையை அடையாளம் கண்டு பிடிக்கும் முன்னோடிப் புரதங்கள் சில உண்டு. கல்லீரல் உருவாக்கத்தில் வரும் ஃபாக்ஸ்-ஏ அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது. கென்னத் சாரெட் குழு 2002இல் காட்டியது: எச்1 சேர்ந்து இறுகிய நியூக்ளியோசோம் சரத்தில்கூட ஃபாக்ஸ்-ஏ பிடித்து, ஏ.டி.பி. இல்லாமலே அந்த இடத்தைத் தளர்த்துகிறது. அதன் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதி எச்1 போன்ற ஹிஸ்டோனின் மையப் பகுதியோடு வடிவில் ஒத்திருக்கிறது. முனை தானாகப் பிரியும் அந்த 10, 50 மில்லிவினாடிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரதம் அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் அடுத்ததற்கு வழி எளிதாகும்.

ஜூன் 25

நோய் பற்றிக் கேட்டவருக்கு.

குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய புற்றுக்கட்டி ஒன்று உண்டு. அதில் பெரும்பாலானவற்றில் எச்3இன் 27ஆவது லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது 2012இல் தெரிந்தது. மனிதனில் எச்3 புரதத்துக்குச் சுமார் 15 மரபணுக்கள், ஒவ்வொன்றும் இரு பிரதி. அவற்றுள் ஒரே ஒரு பிரதியில் மாற்றம். செல்லின் எச்3இல் சிறு பங்குதான் கெட்டது. ஆனாலும் செல் முழுவதும் நல்ல எச்3இலும்கூட 27ஆவது லைசினின் மும்மெத்தில் சரிந்துவிடுகிறது, ஏனென்றால் மாறிய வால் பாலிகோம்ப் நொதியை முடக்குகிறது. ஹிஸ்டோனின் ஒரே அமினோ அமிலம் ஒரு குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதை என்னால் இன்றும் பதற்றமில்லாமல் படிக்க முடிவதில்லை.

எதிர்த் திசையிலும் நடக்கிறது. எபிதீலியாய்டு சர்க்கோமா என்ற அரிய புற்றில் ஸ்விஸ்னிஃப் கூட்டத்தின் ஓர் உறுப்புப் புரதம் பெரும்பாலும் இழந்துபோயிருக்கும். அதற்கு எதிராக நிற்கும் பாலிகோம்ப் நொதியின் கை ஓங்கிவிடும். அந்த நொதியைத் தடுக்கும் டசமெட்டோஸ்டாட் மருந்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதி தந்தது. ஒரு கட்டியில் குறி குறைவதும் இன்னொன்றில் அது மிகுவதும் நோய். "இந்தக் குறி நல்லதா கெட்டதா" என்ற கேள்வி அதனாலேயே நிற்காது.

அசிட்டைல் அகற்றும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட் 2006இல் தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கு அனுமதிக்கப்பட்டது. அதன் பலன் முழுவதையும் ஹிஸ்டோன் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அதே நொதிகள் புற்றைத் தடுக்கும் பி53 உள்ளிட்ட வேறு பல புரதங்களின் அசிட்டைலையும் அகற்றுபவை.

ஜூலை 2

"இந்தக் குறிகள் செல் பிரிந்தாலும் தொடருமா? அப்படியென்றால் தலைமுறை தாண்டுமா?"

செல் பிரிவுக்கு முன் டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய எச்3, எச்4 இரு புது இழைகளுக்கும் பகிர்ந்து போகின்றன. மீதி இடத்தைக் குறியில்லாத புது ஹிஸ்டோன் நிரப்பும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் குறியின் அடர்த்தி பாதியாகும். படித்து எழுதும் நொதி இருந்தால் மீண்டும் நிரம்பும். 9ஆவது லைசினும் 27ஆவது லைசினும் இந்த வகை. ஓடும் மரபணுவின் பெரும்பாலான குறிகளுக்கு இப்படி ஒரு சுழற்சி இருப்பதாகத் தெளிவான சான்றில்லை. படியெடுப்பு நின்றால் அவையும் போய்விடும்.

பிளவு ஈஸ்டில் 2015இல் நேரடியாகச் சோதித்தார்கள். 9ஆவது லைசினின் நொதியைச் செயற்கையாக ஓர் இடத்தில் கட்டிவைத்து மெத்தில் எழுத வைத்து, பிறகு கட்டை அவிழ்த்தார்கள். குறி சீக்கிரமே மறைந்தது. ஈபிஇ1 என்ற எதிர்ப் புரதத்தை நீக்கிய ஈஸ்டில் மட்டும் பல தலைமுறைக்குத் தொடர்ந்தது. நினைவு சாத்தியம்தான், ஆனால் செல் அதை அழிப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது.

மனிதரில் தந்தையின் அனுபவம் ஹிஸ்டோன் வழியே பிள்ளைக்குப் போகிறது என்று உறுதியாகச் சொல்கிறவர்களிடம் நான் கவனமாக இருப்பேன். விந்தணுவில் பெரும்பாலான ஹிஸ்டோன்களைப் புரோட்டமின் என்ற வேறு புரதம் அகற்றிவிடுகிறது. கருவுற்ற பிறகு இன்னொரு பெரிய மாற்றியமைப்பு. இவ்வளவையும் தாண்டி ஒரு குறி வந்தது என்று சொல்ல, எந்த நியூக்ளியோசோம், எந்த மரபணு, எந்த நொதி மறுபடி எழுதியது என்று காட்ட வேண்டும். காட்டினால் முதல் ஆளாக ஏற்றுக்கொள்வேன்.

ஜூலை 3

மேலே 'பாதியாகும்' என்றதைப் பற்றிக் கேட்ட மாணவிக்கு: பழைய எச்3, எச்4 நான்காகச் சேர்ந்த கட்டு பெரும்பாலும் உடையாமல் ஏதாவது ஒரு புது இழைக்குப் போகும். ஆகவே ஒரு தனி நியூக்ளியோசோமில் பாதிக் குறி என்று இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று முழுக் குறியோடும் ஒன்று குறியில்லாமலும் இருக்கும். எழுதும் நொதி பழையதைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் புதியதில் எழுத இதுதான் வசதி. ஜூன் 14 குறிப்பில் பரவலுக்குச் சொன்ன அதே பொறிதான் இங்கே நினைவுக்கும் வேலை செய்கிறது. ஒன்று குரோமோசோமின் நீளவாக்கில், மற்றது செல் பிரிவுகளின் ஊடே.